ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

"வந்துருச்சா?" என்று கேட்கிறாள் சிஸ்டர், ஏதோ ராஜபாளையம் பஸ் வந்துவிட்டதா என்று விசாரிப்பது போல, ஆஸ்பத்திரிக் கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "இன்னும் வரல சிஸ்டர்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று சொல்கிறேன். "நல்லா முட்டணும்மா, முட்டிக்கிட்டு நிக்கும்போது வந்து சொல்லுங்க, அப்பத்தான் கர்ப்பப்பை தெளிவாத் தெரியும்." போய்விட்டாள். நான் சொன்னது பொய். மூத்திரம் எப்போதோ முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடிவயிறு கல்லாகிக் கிடக்கிறது, தொடை இரண்டையும் நெருக்கிக்கொண்டு, செருப்புக்குள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்துருச்சு என்று சொல்லிவிட்டால் உள்ளே கூப்பிடுவார்கள், படுக்க வைப்பார்கள், சில்லென்று எதையோ தடவி வயிற்றைப் படம் பிடிப்பார்கள், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நாளை மறுநாள் எனக்கு மயக்க மருந்து கொடுத்து, தொப்புளில் ஓட்டை போட்டு, அது வழியாகக் குழாயை விட்டு, என் சினைப்பை இரண்டையும் பொட்டுப் பொட்டாகச் சுடுவார்கள். புத்தகத்தில் அண்டகம், டாக்டரம்மாவுக்கு ஓவரி, அத்தைக்கு முட்டைப்பை, பெயர் எதுவானால் என்ன, சூடு எனக்கு. நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள், எனக்கு எத்தனையோ. யாருக்குக் குறை என்று தெரிந்துகொண்டா சுடுகிறார்கள்? தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரியாது, சிஸ்டருக்குத் தெரியாது. இன்று காலை சாத்தூரில் பஸ் ஏறும்வரை எனக்கும் தெரியாது. பக்கத்தில் அத்தை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறாள். "இன்னும் ரெண்டு மடக்குக் குடி தாயி, சட்டுனு வந்துரும்." என்ன பரிவு, என்ன பரிவு. வாங்கிக் குடிக்கிறேன்.

அந்த பஸ்ஸைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் முன்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார், சட்டைக் காலருக்கு மேல் அவர் பிடரி தெரிந்தது, புதிதாக முடி வெட்டியிருந்தார், ஆபரேஷனுக்கு என்னைக் கூட்டிப்போக இவர் முடி வெட்டிக்கொண்டார். நானும் அத்தையும் பின்னால். ஒரு வாரமாக மனதில் உருட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். "அத்தை, இந்த டாக்டரம்மா நமக்குப் புதுசு. உங்க மகனுக்கும் இன்னொரு வாட்டி டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, அப்புறம் எனக்கு ஆபரேஷன் வச்சுக்கலாமான்னு கேக்கலாம்னு இருக்கேன்." அத்தை கொய்யாக்காயில் மிளகாய்ப்பொடியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். "இன்னொரு வாட்டியா? மொதவாட்டி அவனுக்கு எங்கத்தா எடுத்தாக? அன்னைக்கும் தயாதான போயிக் குடுத்துட்டு வந்தான்." எதைக் கொடுத்துவிட்டு வந்தான் என்று கேட்டேன், சத்தியமாகப் புரியாமல்தான் கேட்டேன். "அதத்தேன். டீச்சரா இருந்துக்கிட்டு எதைன்னு கேக்குற. பெரியவன் கூச்சப்பட்டவன். அந்தக் கிண்ணத்த வாங்கிக்கிட்டு நாலு பேரு பாக்க உள்ள போயிட்டு வரணும்னா உசுரை விட்ருவான். வேர்த்து விறுவிறுத்துப்போயி வெறுங்கிண்ணத்தோட வந்து நின்னான். நாந்தேன் சொன்னேன், தம்பிய அனுப்புடான்னு. ஒரு வயித்துப் பிள்ளைக, ஒரே ரத்தம். சின்னவனுக்கு இருக்குன்னா பெரியவனுக்கு இல்லாமலா போயிரும்?" சொல்லிவிட்டு எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். நான் வாங்கினேன். தின்றேன். அதுதான் எனக்கு ஆறவில்லை, தின்றேன். மறைத்ததைச் சொல்லிவிட்டோமே என்ற பதற்றம் அந்த முகத்தில் துளிக்கூட இல்லை. மறைத்தால்தானே பதறுவதற்கு? அவளைப் பொறுத்தவரை அதில் மறைப்பதற்கு எதுவுமே இல்லை. கல்யாணத்துக்கு அண்ணன் போகமுடியாவிட்டால் தம்பி போய் மொய் எழுதிவிட்டு வருவதில்லையா, அது மாதிரி.

தயாபரன். என் கொழுந்தன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என் வீட்டுக்காரருக்குக் கருணாகரன் என்று பெயர், கருணையும் தயையும் அண்ணன் தம்பியாகப் பிறந்து என் தலையில் விடிந்தன. அந்த டெஸ்ட் எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் ரிசல்ட் வந்ததும் வீட்டில் கேசரி கிண்டினார்கள், நெய் மிதக்க, முந்திரி தூக்கலாக. "எம்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல, எல்லாம் கோடிக்கணக்குல இருக்காம்ல" என்று அத்தை தெருவுக்கே கொடுத்துவிட்டாள். நானும் சாப்பிட்டேன். கொழுந்தனுடைய விந்தணுவைக் கொண்டாடிக் கிண்டிய கேசரியை இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். சீ. அவரும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். தயாவும் சாப்பிட்டான். மூன்று பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது, நான் சந்தோஷப்பட்டேன், அவருக்காக, அப்பாடா இவருக்கு இந்தத் தலைகுனிவு இல்லை என்று. அப்படியென்றால் குறை எனக்குத்தான் என்று இரவெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர், அவர், என்ன அவர். அவன். என் ஓரகத்திக்குத் தெரியுமா? தயாவின் பெண்டாட்டிக்கு? தெரிந்திருக்கும். புருஷன் எதைக் கொடுத்துவிட்டு வந்தான் என்று தெரியாமலா இருக்கும்? பிள்ளைக்குக் காது குத்தும்போது, "அக்கா, நீங்க அங்கிட்டு செத்த உக்காருங்க, புகையா இருக்கு" என்றாளே, அங்கே புகையே இல்லை. தெரிந்தே சொன்னாளா? தெரியாமல் சொல்லியிருந்தால் அறியாமை, தெரிந்து சொல்லியிருந்தால்? கேப்பையில் நெய் வடியுது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். எனக்குப் புத்தி எங்கே போச்சு? ஆய்வகத்துக்குப் போய்விட்டு வந்தேன் என்றாரே, ஒரு கேள்வி கேட்டேனா? புருஷனிடம் அதைப் போய் எப்படிக் கேட்பது.

எப்படிக் கேட்பது என்று நினைக்கிறவள் வருஷா வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு மனித இனப்பெருக்கம் நடத்துகிறாள். இந்துராணி டீச்சர் நடத்தினால் கூச்சமே இல்லாமல் நடத்துவார்கள் என்று பெயர். பெண் இனப்பெருக்க மண்டலத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் போடுவேன், நடுவில் தலைகீழ்ப் பேரிக்காயாகக் கருப்பை, இருபுறமும் கையை விரித்தாற்போல் அண்ட நாளங்கள், நுனியில் அண்டகங்கள். பிள்ளைகளும் அதை மட்டும் பத்துத் தரம் வரைந்து பார்ப்பார்கள். ஆண் இனப்பெருக்க மண்டலத்தைச் சாய்ஸில் விட்டுவிடுவார்கள். "மிஸ், அது குழப்பமா இருக்கு மிஸ், ஏகப்பட்ட குழாயி, அதை விட்டுட்டா பரவால்லையா மிஸ்?" விட்டுவிடு, விட்டுவிடு, எல்லாருமே அதைத்தான் விடுகிறார்கள். என் வீட்டில் விட்டார்கள், இத்தனை டாக்டர்கள் விட்டார்கள். சாருக்கு நார்மல், மேடத்தைத்தான் பாக்கணும் என்று வரிசையாக என்னையே வரைந்தார்கள், என்னையே பாகம் குறித்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது, பிட்யூட்டரி, அது சுரக்கிற ஹார்மோன்தான் பெண்ணுக்கு முட்டையை வளர்க்கிறது, அதே ஹார்மோன்தான் ஆணுக்கு விந்தணுவை வளர்க்கிறது. அதே பெயர், அதே சாறு. அந்தப் பட்டாணிக்கு ஆண் பெண் என்ற வித்தியாசம் கிடையாது பிள்ளைகளே என்று சொல்லும்போது கடைசி பெஞ்சில் சிரிப்பார்கள். கருவில் முதல் சில வாரம் விந்தகமும் அண்டகமும் ஒன்றுதான், ஒரே இடத்தில் முளைத்த ஒரே மொட்டு, பிறகுதான் பிரிகிறது என்பேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் அவைதான் அத்தை. ஆனால் ஒன்றை ஊசியால் குத்துவீர்கள், மாத்திரையால் ஊத வைப்பீர்கள், சூடு வைப்பீர்கள். இன்னொன்றுக்குக் கூச்சம் என்று வீட்டிலேயே உட்கார வைப்பீர்கள். நோகாமல் நோன்பு கும்பிடுவது என்றால் இதுதான். எத்தனை மாத்திரை. அதைத் தின்ற நாட்களில் காரணமே இல்லாமல் அழுவேன், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவேன், உடம்பு கொதிக்கும், முகமெல்லாம் பரு, "என்ன டீச்சர், இந்த வயசுல வயசுக்கு வந்திருக்கீக" என்று தலைமையாசிரியர்கூடக் கிண்டல் பண்ணினார். சிரித்தேன். அத்தனையும் கொழுந்தனின் கிண்ணத்தை நம்பி.

"அக்கா, உங்களுக்கு எத்தனாவது மாசம்?" எதிர் நாற்காலியில் ஒரு சின்னப்பெண், மேடிட்ட வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்கிறாள், கள்ளமில்லாத முகம், இவள்மேல் கோபப்படக் கூடாது. வயிற்றைப் பார்க்கிறேன், தண்ணீரால் எனக்கும் மேடிட்டுத்தான் இருக்கிறது. அத்தை முந்திக்கொள்கிறாள். "அதுக்குத்தாந்தாயி அலையுறோம். இவளுக்கு முட்டைப்பையில நீர்க்கட்டி இருக்காம். எம்மகனுக்கு ஒண்ணுமில்ல." அந்தப் பெண் பாவம், கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள். எம்மகனுக்கு ஒண்ணுமில்ல. எந்த மகனுக்கு அத்தை? கேட்டுவிடலாம். நாக்கு நுனிவரை வருகிறது, அங்கேயே நிற்கிறது, மேலும் கீழும் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடக்கு, அடக்கு. கருப்பைக்கு முன்னால்தான் மூத்திரப்பை இருக்கிறது, அது நிறைந்து நின்றால் குடலை ஒதுக்கிவிட்டு ஜன்னல் மாதிரி வழிவிடும், பின்னால் இருப்பது தெரியும், அதற்காகத்தான் இந்தப் பாடு. சாயம் விட்டு எடுத்தார்களே ஒரு எக்ஸ்ரே, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, அது இதைவிடப் பாடு. கருப்பைக்குள் சாயத்தைப் பீய்ச்சினார்கள், யாரோ உள்ளே கையை விட்டுத் துணி பிழிவது போல் வலித்தது. கத்திவிட்டேன். வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தார், நிஜமாகவே கலங்கியிருந்தார், "போதும் இந்து, நமக்குப் பிள்ளையே வேண்டாம்" என்றார். உருகிப்போனேன். இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று என் அக்காவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். தெரிந்தேதான் அந்தக் கையைப் பிடித்திருந்தான். அந்த மேஜைமேல் நான் ஏறியிருக்கவே வேண்டாமோ என்னவோ என்று தெரிந்தே பிடித்திருந்தான். அழுதது நிஜம், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பொய்யாக அழுதிருந்தால் வெறுத்துவிட்டுப் போய்விடுவேன்.

அவருக்கு என்னதான் இருக்கும்? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருக்கவும் இருக்கலாம். பதினெட்டு வயதிலிருந்து சேவுக்கடை அடுப்பு. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், இடுப்பு உயரத்தில் தணல், அதற்கு நேராகத்தான் நிற்பார். தயா கல்லாவில் இருப்பான், காற்றாடிக்குக் கீழே. விந்தகம் ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகிறது என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவான சூடு வேண்டும், இல்லையென்றால் விந்தணு உருவாகாது, ஒரு மதிப்பெண் வினா. ஒரே ரத்தமாம். ரத்தம் ஒன்றானால் அடுப்பும் ஒன்றா? அடுப்பை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளி நின்றாலே சரியாகிப் போகிற விஷயமாகக்கூட இருக்கலாம், மாத்திரையில் போகலாம், யார் கண்டது, பார்த்தால்தானே தெரியும். பார்க்க விடவில்லையே. இவர்கள் கூச்சத்தை மூடி வைக்க என் வயிற்றை இத்தனை காலம் திறந்து வைத்தேன். கூச்சமாம், எனக்கு இல்லாத கூச்சம். எத்தனை பேர் முன்னால் காலை விரித்தேன், எத்தனை கையுறை, எத்தனை டார்ச் லைட், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று எட்டிப்பார்த்தார்களே, அதில் ஒருத்தி என்னிடம் படித்தவள், "மிஸ்" என்று வாய்வரை வந்து அடக்கிக்கொண்டாள், அதற்கு நான் கூசவில்லையா? கூசியே செத்திருக்கிறேன். செத்துச் செத்து மறுபடி ஏறிப் படுத்திருக்கிறேன். பயமும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும்? அவர் முகம் எப்படிப் போகும்? எண்ணிக்கை ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் அந்த மனுஷன் தாங்குவாரா? ஊர் தாங்க விடுமா? என்னை அனுப்பிவிடுவார்களா? மயக்க மருந்தை நினைத்தாலும் பயம், இரண்டு தெரு தள்ளி ஒருத்தி சின்ன ஆபரேஷன் என்று போனவள் கண்ணைத் திறக்கவே இல்லை. பார், இப்போதும் அவர் தாங்குவாரா என்றுதான் புத்தி போகிறது. ஆடு, வெட்டுகிறவன் மனம் நோகுமே என்று தலையைச் சாய்த்துக் காட்டுகிறது.

முட்டுகிறது. இனி நினைப்பதற்குக்கூட இடமில்லை. கோபம் வந்தால் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பி அட்ரினலினைக் கொட்டும், நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், சண்டை போடு அல்லது ஓடிவிடு என்று உடம்பு சொல்லும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது புத்தகத்தில் இல்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார். அதற்கு எந்தச் சுரப்பி? எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது எங்கே இருக்கிறது? கண்டுபிடித்தால் சுட வேண்டியது அதைத்தான். "இந்துராணி! யாரு இந்துராணி? வந்துருச்சா இல்லையாம்மா, டாக்டர் சாப்பிடப் போயிருவாங்க." எழுந்தேன். "வந்துருச்சு சிஸ்டர்" என்றேன். "அப்ப வாங்க, உள்ள வந்து படுங்க." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உள்ளே இருட்டு, நீல வெளிச்சம், விரித்த பச்சைத் துணி. நான் அந்தக் கதவைத் தாண்டி நடந்தேன். கூடத்தின் கோடியில் கழிப்பறை. பின்னால் அத்தை பதறுகிறாள். "ஏத்தா, எங்குட்டுப் போற? அடக்கிக்க தாயி! இம்புட்டு நேரம் அடக்குனது வீணாப் போயிருமே!" தாழ்ப்பாளைப் போட்டேன். உட்கார்ந்தேன். முதலில் வரவில்லை, அத்தனை இறுகிப்போயிருந்தது. பிறகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. சத்தமாக, வெட்கமே இல்லாமல், வெளியே கேட்டால் கேட்கட்டும் என்று. கண்ணில் நீர் கொட்டியது, அழுகையா ஆசுவாசமா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டுமாக இருக்கும். இத்தனை வருஷத்தில் இந்த உடம்பு எனக்காக என்று ஒரு காரியம் செய்தது இதுதான்.

வெளியே வந்தபோது அவர் மாடிப்படி ஏறி வந்திருந்தார், டீ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு. சிஸ்டர் கோபமாகப் பார்த்தாள். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, திரும்ப மொதல்ல இருந்து தண்ணி குடிக்கணும்." அத்தை பாட்டிலை எடுத்துவிட்டாள். அவர் அதை வாங்கி, மூடியைத் திறந்து, என்னிடம் நீட்டினார். "பரவால்ல இந்து, மெதுவாக் குடி, மத்தியானத்துக்கு மேல எடுத்துக்கலாம்." எவ்வளவு மெதுவாகப் பேசுகிறார். நான் வாங்கவில்லை. "சிஸ்டர், இங்க ஆம்பளைகளுக்கு விந்து டெஸ்ட் எடுக்குற எடம் எது?" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல், எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. "இதே மாடியில, லேபுக்குப் பக்கத்து ரூம் மேடம்" என்றாள், அவள் குரல் இறங்கிவிட்டது. "போங்க" என்றேன் அவரிடம். "போயிக் குடுத்துட்டு வாங்க. ரிசல்ட் வர்றவரைக்கும் என் வயித்துல யாரும் கைவைக்கக் கூடாது. தம்பிக்குப் போன் பண்ணாதீங்க." அவர் முகம் வெளிறிப்போனது. அம்மாவைப் பார்த்தார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள், "நாலு பேரு முன்னாடி எம்பிள்ளை மானத்த வாங்குறியே" என்றாள், சத்தம் எழும்பவில்லை. அந்தக் கர்ப்பிணிப் பெண் தன் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். அவர் என் பக்கத்தில் வந்தார், பாட்டில் தண்ணீர் ததும்பி அவர் சட்டையில் கொட்டியது, கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இந்து, எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும். நான் போனேன்ல? போங்க."